ரோமர் 13-உம் வாக்குச்சீட்டும்: கீழ்ப்படிதல் என்றால் வாய் திறக்காமல் இருப்பதா?

03.08.2025, ஞாயிறு – கேள்வி (பினாங்கு, பட்டர்வொர்த் வாசகி)

இந்த வருஷம் மெர்டேக்கா (மலேசியச் சுதந்திர தினம்) ஞாயிற்றுக்கிழமையிலேயே வருகிறது. எங்கள் சபையில் அன்றைக்கு ரோமர் 13 பிரசங்கம். வாலிபர் கூட்டத்தில் இப்போதே வாக்குவாதம். "அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்று வேதம் சொல்லிவிட்டது, அரசியல் நமக்கு எதற்கு?" என்கிறார்கள் சிலர். "அப்படியானால் ஓட்டுப் போடுவதும் தப்பா?" என்று மற்றவர்கள். தேர்தல் வந்தால் பாஸ்டர் கட்சி பெயர் சொல்லலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. தெரிந்தவர்கள் விளக்குங்கள் ஐயா.

03.08, இரவு 10.15 – பதில்

சகோதரி, வசனத்திலிருந்தே தொடங்குவோம். "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்." பவுல் இதை எழுதியது ஏறக்குறைய கி.பி. 57-இல். ரோமப் பேரரசன் நீரோ பதவிக்கு வந்து மூன்று வருஷம். ரோமாபுரி தீப்பற்றியதும் கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்டதும் 64-இல்தான். ஆகவே "கொடுங்கோலனுக்கே அடங்கு என்று பவுல் சொன்னார்" என்று மேடையில் முழங்குவது காலக் கணக்கில் இடிக்கும்.

எழுதிய நேரத்தில் ரோமாபுரியில் புகைந்துகொண்டிருந்தது வரிப் பிரச்சினை. மறைமுக வரி வசூலிப்பவர்களின் அடாவடியைப் பற்றி மக்கள் முறையிட்டதையும், 58-இல் நீரோ அந்த வரிகளையே எடுத்துவிடலாமா என்று யோசித்ததையும் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 49 வாக்கில் நீரோவுக்கு முந்தைய பேரரசன் கிலவுதியு யூதர்களை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றினான் (அப்போஸ்தலர் 18:2, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்படி வந்தவர்கள்தான்). அவன் செத்த பிறகே அவர்கள் திரும்பினார்கள். திரும்பி வந்த சிறு கூட்டம் வரிக் கலகத்தில் சிக்கினால் மறுபடியும் துரத்தப்படும். அதனால்தான் இந்தப் பகுதி 6, 7-ஆம் வசனங்களில் வரியில் போய் முடிகிறது: "எவனுக்கு வரியைச் செலுத்தவேண்டியதோ அவனுக்கு வரியையும், எவனுக்குத் தீர்வையைச் செலுத்தவேண்டியதோ அவனுக்குத் தீர்வையையும்." கிரேக்கத்தில் இவை இரண்டு தனிச் சொற்கள்: முதலாவது அடிமைப்பட்ட மக்கள் கட்டும் கப்பம், இரண்டாவது சுங்கம். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்த வேறுபாட்டை அழகாகக் காத்திருக்கிறது.

அடுத்தது "கீழ்ப்படி" என்ற சொல். ரோமர் 13:1-இல் கிரேக்கச் சொல் ஹுப்பொடாஸ்ஸோ. ஓர் ஒழுங்குக்குள் தன்னைக் கீழே வைத்துக்கொள்ளுதல் என்பது பொருள். அப்போஸ்தலர் 5:29-இல், "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்று பேதுரு சொல்லும் இடத்தில் இருப்பது பெய்தார்கியோ. இட்ட கட்டளையைச் செய்தல் என்று அர்த்தம். தமிழில் இரண்டுக்கும் ஒரே "கீழ்ப்படிதல்". உங்கள் வாலிபர் கூட்டத்துச் சண்டையில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஆட்சியாளரிடம் வேதம் கேட்பது முதல் வகை அடக்கத்தைத்தான், இரண்டாவது வகையை எங்குமே கேட்கவில்லை.

03.08, இரவு 10.50

12-ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள். அதிகாரப் பிரிவு பவுல் போட்டதல்ல, 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. 12:19-இல் "நீங்கள் பழிவாங்காமல், கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள்." 13:4-இல் அதே "கோபாக்கினை" என்ற சொல், அதிகாரியின் கையில். நீ பழிவாங்காதே, அது நீதிமன்றத்தின் வேலை என்பதுதான் ஓட்டம். 13:8-இல் பேச்சு மறுபடி அன்புக்குத் திரும்புகிறது. நடுவில் உள்ள ஏழு வசனத்தை மட்டும் வெட்டி எடுத்தால், அரசைப் பற்றிய முழுக் கொள்கை மாதிரித் தோன்றும்.

05.08, காலை 7.20 – திருத்தம்

ஒரு வாசகர் தீத்து 3:1-ஐ எடுத்துக் காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. "துரைத்தனங்களுக்கும் அதிகாரங்களுக்கும் கீழ்ப்படிந்து அடங்கியிருக்கவும்" என்ற அந்த வசனத்தில் இரண்டு கிரேக்கச் சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. பேதுரு சொன்ன அதே பெய்தார்கியோவைப் பவுல் ஆட்சியாளருக்கும் கேட்கிறார். "எங்குமே கேட்கவில்லை" என்று நான் எழுதியது தவறு.

அப்படியானால் கணக்கு இப்படி நிற்கிறது. சாதாரண நாளில் இரண்டும் உண்டு: ஒழுங்குக்குள் இருப்பது, சட்டம் சொன்னதைச் செய்வது. சாலை வரி, வருமான வரி, கட்டட அனுமதி எல்லாம் இதில் அடங்கும். தேவ கட்டளையும் மனிதக் கட்டளையும் நேருக்கு நேர் மோதும்போது இரண்டாவது மட்டும் விலகும். முதலாவது அப்போதும் விலகாது. அப்போஸ்தலர் 5-இன் கடைசி வசனங்களைப் பாருங்கள்: பேசக்கூடாது என்ற கட்டளையை மீறினார்கள், ஆனால் அடி விழுந்தபோது எதிர்த்து அடிக்கவில்லை, தப்பியும் ஓடவில்லை, மறுநாளும் தேவாலயத்தில் நின்று பேசினார்கள். தானியேல் 6-உம் அதே வடிவம். ஜெபத்தை விடவில்லை, சிங்கக் கெபிக்குப் போக மறுக்கவும் இல்லை. யாத்திராகமம் 1-இல் சிப்பிராளும் பூவாளும் பார்வோனின் கொலைக் கட்டளையைச் செய்யவில்லை.

மோதல் எது, அசௌகரியம் எது என்று பிரிப்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். வழிபாட்டு நேரத்தில் வாகன நிறுத்தத்துக்கு அபராதச் சீட்டு ஒட்டினால் அது துன்புறுத்தல் ஆகாது. கடைவீட்டில் சபை நடத்த உள்ளூராட்சி கேட்கும் தீயணைப்பு விதிமுறையும் அப்படித்தான். 5:29-ஐ அதற்கெல்லாம் செலவழித்தால், நிஜமாக வேண்டிய நாளில் அந்த வசனத்துக்கு எடை இருக்காது.

05.08, காலை 7.45

தீத்து 3:1-இல் "துரைத்தனங்கள்" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? கிரேக்கத்தில் அது ஆளுகைகள், அவ்வளவுதான். தமிழில் "துரை" வந்துவிட்டது. நம் நாட்டில் ரப்பர் தோட்டத்தில் "துரை" என்றால் மேலாளர். லயத்து வீடு, பிரட்டுக் களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) எல்லாம் அவர் கையில். அந்தச் சொல்லோடு வளர்ந்த காதில் இந்த வசனம் எப்படி விழுந்திருக்கும்? அரசாங்கம் என்றால் துரை, துரையிடம் கேள்வி கேட்கக்கூடாது. தோட்டம் போய் நகரத்து அடுக்குமாடிக்கு வந்த பிறகும் காது மாறவில்லை என்றே நினைக்கிறேன். பிரசங்கம் செய்பவர் இந்த ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் வீண்போகாது.

எதிர்ப்பக்கச் சொல் ரோமர் நிருபத்தில் இருக்கிறது. 13:4-இல் அதிகாரி "தேவ ஊழியக்காரன்". நம் சபைகளில் பாஸ்டரைக் குறிக்கும் சொல் அது. ஊழியக்காரன் என்றால் எஜமானுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன். "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு" என்று வேலை விவரமும் அதே வசனத்தில் எழுதியிருக்கிறது. அந்த விவரத்தை வைத்து அளந்து கேட்பது கலகம் ஆகாது.

08.08, மாலை 6.30

"இராயனுடையதை (ரோமப் பேரரசனுடையதை) இராயனுக்கு" என்ற வசனம் அரசியலையும் விசுவாசத்தையும் இரண்டு அறையாகப் பிரிக்கிறதே என்று ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார்.

மாற்கு 12-இல் கேள்வி கேட்டவர்கள் பரிசேயரும் ஏரோதியரும். ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள், பொறி வைக்க மட்டும் ஒன்றுசேர்ந்தார்கள். கேட்ட வரி, கி.பி. 6-ஆம் ஆண்டுக் குடிமதிப்போடு யூதேயாவில் வந்த தலைவரி. கலிலேயனான யூதாஸ் கலகம் செய்தது அதை எதிர்த்துத்தான் (அப்போஸ்தலர் 5:37). "கொடு" என்றால் மக்கள் வெறுப்பார்கள், "கொடுக்காதே" என்றால் ரோமர் பிடிப்பார்கள். இயேசு நாணயத்தைக் கேட்டார். அவர் கையில் இல்லை, அவர்களிடம் இருந்தது. அக்காலத்தில் புழங்கிய, பேரரசன் திபேரியுவின் தெனாரியம் என்ற வெள்ளிக் காசில், அவன் "தெய்வீக அகஸ்துவின் மகன்" என்று பொறித்திருக்கும்.

"இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது?" இங்கே "சுரூபம்" என்பதற்குக் கிரேக்கச் சொல் எய்கோன். ஆதியாகமம் 1:27-இல் "தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்" என்ற இடத்திலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அதே எய்கோன். தமிழில் ஒன்று சுரூபம், மற்றது சாயல் என்று ஆனதால் தொடர்பு மறைந்துவிட்டது. இராயன் முகம் பொறித்த காசு இராயனுக்கு, தேவசாயல் பொறித்த மனிதன் தேவனுக்கு. அந்த இராயனும் மனிதன்தான். ஆகவே சமமான இரண்டு அறைகள் இதில் இல்லை. பெரிய வட்டத்துக்குள் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது.

1 பேதுரு 2:17-உம் இதற்குக் கூடவே வரும்: "எல்லாரையும் கனம்பண்ணுங்கள்... தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்." ராஜாவுக்கும் எல்லாருக்கும் ஒரே வினைச்சொல். பயம் தேவனுக்கு மட்டும். 1934-இல் ஹிட்லரின் ஆட்சியில் பார்மன் நகரில் கூடிய ஜெர்மன் சபைகள் தங்கள் அறிக்கையின் ஐந்தாவது கூற்றுக்குத் தலைவசனமாக வைத்தது இதைத்தான். அந்தக் கூற்று அரசு சபையாக மாறுவதையும் மறுத்தது, சபை அரசின் உறுப்பாக மாறுவதையும் மறுத்தது.

10.08, ஞாயிறு, மதியம் 2.05

இனி நம் ஊருக்கு வருவோம். ரோமாபுரியில் "மேலான அதிகாரம்" ஒரு மனிதன். மலேசியாவில் நாட்டின் உச்சச் சட்டம் கூட்டரசு அரசியலமைப்பு என்று அதன் 4-ஆம் பிரிவே சொல்கிறது. மாமன்னரும் பிரதமரும் நீதிபதியும் அதன் கீழேதான் பதவிப் பிரமாணம் எடுக்கிறார்கள். அப்படியிருக்க, இந்த நாட்டில் ரோமர் 13-க்கு அடங்குவது என்றால் அந்தச் சட்டத்துக்கு அடங்குவது. அந்தச் சட்டமோ குடிமகனுக்குப் பேசவும், சங்கம் கூடவும், வாக்களிக்கவும் உரிமை தருகிறது. மேல் அதிகாரம் கொடுத்த வேலையைச் செய்யாமல் இருப்பது எப்படிக் கீழ்ப்படிதல் ஆகும்?

சபைத் தலைவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய அரசியலமைப்புப் பிரிவுகள்: 3(1), இஸ்லாம் கூட்டரசின் மதம், மற்ற மதங்களை அமைதியாகவும் இணக்கமாகவும் பின்பற்றலாம். 11(1), மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை. 11(3), மதக் குழு தன் காரியங்களைத் தானே நடத்தலாம், சொத்து வாங்கலாம். 12(4), 18 வயதுக்குட்பட்டவரின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ தீர்மானிப்பர். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையை மதம் மாற்றினால் செல்லாது என்று 2018 ஜனவரி 29-இல் இந்திரா காந்தி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்தது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

10.08, மாலை 5.40

மேலே ஒன்றை விட்டுவிட்டேன், விடக்கூடாதது. 11(1) தரும் பரப்பும் உரிமை 11(4)-க்கு உட்பட்டது. முஸ்லிம்களிடையே பிற மதக் கோட்பாட்டைப் பரப்புவதை மாநிலச் சட்டமும், கூட்டரசுப் பிரதேசங்களில் கூட்டரசுச் சட்டமும் கட்டுப்படுத்தலாம். சிலாங்கூரில் 1988 முதல் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் அச்சிட்ட துண்டுப்பிரசுரம் சிலாங்கூரின் பெட்டாலிங் ஜெயாவுக்குள் போகும்போது மாநில எல்லை கடக்கிறது, பொருந்தும் சட்டமும் மாறுகிறது. சபைக் கிளை இரண்டு பக்கமும் இருந்தால் செயலாளர் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

2014 ஜனவரி 2-இல் வேதாகமச் சங்க அலுவலகத்திலிருந்து மலாய், ஈபான் மொழி வேதாகமங்கள் 300-க்கும் மேல் எடுத்துச் செல்லப்பட்டதும் இந்தச் சிலாங்கூர்ச் சட்டத்தின் கீழ்தான். மலாய் வேதாகமத்தில் தேவனைக் குறிக்கும் சொல் "அல்லா". அப்போது தமிழ்ச் சபைகளில் "நமக்குத் தேவன், கர்த்தர் என்று இருக்கிறது, அல்லா என்ற சொல் நம் பிரச்சினை அல்ல" என்ற பேச்சு ஓடியது. எனக்கு அது இன்றும் வலிக்கிறது. சபா, சரவாக் விசுவாசிகள் பிறந்ததிலிருந்து ஜெபிக்கும் சொல் அது. "ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும்" என்பது மொழி பார்த்து எழுதியதல்ல.

13.08, இரவு 9.10

"வழக்குப் போடுவது விசுவாசக் குறைவு அல்லவா?" என்று கேட்டவருக்கு.

1 கொரிந்தியர் 6 சகோதரனுக்கு எதிரான வழக்கைப் பற்றியது. அரசோடு பவுல் எப்படி நடந்தார்? பிலிப்பியில், விசாரணையில்லாமல் அடித்துவிட்டு இரகசியமாக விடுவிக்கப் பார்த்தபோது, "அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும்" என்று அமர்ந்துவிட்டார் (அப்போஸ்தலர் 16:37). எருசலேமில் வாரினால் கட்டியபோது தாம் ரோம பிரஜை என்று சொல்லி நிறுத்தினார் (22:25). ரோம ஆளுநர் பெஸ்துவின் முன் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்றார் (25:11). தமிழில் "அபயம்" என்ற சொல் அங்கே எவ்வளவு பொருத்தம்! ரோமர் 13-ஐ எழுதிய கையேதான் மேல்முறையீடும் செய்தது.

நம் நாட்டில் அந்த வழியின் நீளம் தெரிய, சரவாக்கைச் சேர்ந்த ஜில் அயர்லாந்தின் வழக்கைப் பாருங்கள். 2008-இல் விமான நிலையத்தில் "அல்லா" என்ற சொல் இருந்த அவருடைய 8 குறுந்தட்டுகள் பறிமுதல். கிறிஸ்தவ வெளியீடுகளில் அந்தச் சொல்லைத் தடுத்த 1986-ஆம் ஆண்டு உள்துறை உத்தரவு சட்டப்படி செல்லாது என்று உயர்நீதிமன்றம் சொன்னது 2021 மார்ச் 10-இல். 13 வருஷம். மறுபக்கம், அதே சொல்லைப் பற்றிய கத்தோலிக்க ஹெரல்டு வார இதழின் வழக்கு 2009-இல் உயர்நீதிமன்றத்தில் வென்று, 2013-இல் மேல்முறையீட்டில் தோற்றது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில், மேலும் முறையிட அனுமதி மறுத்தது. பவுலின் அபயமும் அவரை விடுதலைக்குக் கொண்டுபோகவில்லை, சங்கிலியோடு ரோமாபுரிக்குத்தான் கொண்டுபோனது. வெற்றி நிச்சயம் என்று சபைக்குச் சொல்லி நிதி திரட்டாதீர்கள்.

17.08, ஞாயிறு, மாலை 4.00

பாஸ்டர் கட்சி பெயர் சொல்லலாமா என்ற முதல் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். என் பதில், கூடாது. இரண்டு காரணம்.

முதலாவது சட்டம். 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, வாக்காளரை மிரட்டிச் செல்வாக்குச் செலுத்துவதைக் குற்றமாக்குகிறது. அதில் உலகப்பிரகாரமான தீங்கு மட்டுமல்ல, ஆவிக்குரிய தீங்கும் சொல்லப்பட்டிருக்கிறது. "இன்னாருக்குப் போட்டால் தேவ கோபம் வரும்", "போடாவிட்டால் திருவிருந்து கிடையாது" போன்ற பேச்செல்லாம் அந்த வேலிக்குள் போகக்கூடியது. 10-ஆம் பிரிவு வாக்குக்குக் கொடுக்கும் இலஞ்சம் பற்றியது, தேர்தலுக்கு முன், போது, பின் எதுவானாலும் சேரும்.

இரண்டாவது, பிரசங்க மேடையில் எதிர்க்கேள்வி கிடையாது. "கர்த்தர் சொல்லுகிறார்" என்ற இடத்திலிருந்து கட்சி பெயர் வந்தால், மாற்றுக் கட்சிக்குப் போடும் விசுவாசி யாரை எதிர்க்கிறான்? அவன் மனசாட்சியை நெரிக்க மேய்ப்பனுக்கு உரிமை தரப்படவில்லை.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். தேர்தல் தேதி அறிவித்ததும் மூப்பர் கூட்டம் ஒரு பக்கத் தீர்மானம் எழுதட்டும்: ஆராதனை நேரத்தில் எந்த வேட்பாளருக்கும் ஒலிவாங்கி இல்லை. வருபவர் யாரானாலும் மற்ற விசுவாசிகளோடு பெஞ்சில் உட்காரலாம், "எங்கள் மத்தியில் வந்திருக்கிறார்" என்று ஒரு வரி போதும். கேள்வி நேரம் வைப்பதானால் ஆராதனை அல்லாத நாளில், மண்டபத்தில், தொகுதியின் எல்லா வேட்பாளருக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி அழைப்புக் கடிதம். ஒருவர் மட்டும் ஒப்புக்கொண்டால் கூட்டத்தை ரத்து செய்யுங்கள், இல்லையென்றால் அது செராமா (கட்சிப் பிரச்சாரக் கூட்டம்) ஆகிவிடும். ஆளுக்குச் சம நேரம், கேள்விகள் எழுத்தில்.

பெரிய மாதிரிக் காசோலையோடு படம் எடுப்பதுதான் அதிகம் வழுக்கும் இடம். வழிபாட்டுத் தலங்களுக்கு அரசு ஒதுக்கும் நிதி மக்கள் வரிப்பணம், விண்ணப்பித்துப் பெறலாம், கணக்கும் காட்ட வேண்டும். பினாங்கில் மாநில நிதி இருக்கிறது, கூட்டரசு அமைச்சின் வழியும் இருக்கிறது. அதை வேட்பாளரின் அன்பளிப்பு மாதிரி மேடையில் வாங்காதீர்கள். பிரச்சாரக் காலத்தில் வந்தால் "தேர்தல் முடிந்து சபையின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று எழுத்தில் பதில் கொடுங்கள். கூரை ஒழுகுகிற சபைக்கு இது கஷ்டம்தான். ஆனாலும்.

17.08, இரவு 8.30

சபை தைரியமாகச் செய்யக்கூடியதும் நிறைய உண்டு. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர் தானாகவே வாக்காளர். ஆனால் தொகுதி மைகாட் (அடையாள அட்டை) முகவரிப்படி அமையும். படிக்கக் கோலாலம்பூர் வந்த ஈப்போப் பிள்ளை முகவரி மாற்றாமலிருந்தால் வாக்கு ஈப்போவில். திடல்கூட்டம் எதுவும் வேண்டாம், ஆராதனை முடிந்து ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, தேர்தல் ஆணையத்தின் சரிபார்ப்புப் பக்கம், அது போதும்.

வாக்களிப்பு சனிக்கிழமையில் வந்தால், மறுநாள் ஆராதனைக்கு வென்ற கட்சிக்காரரும் தோற்றவரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். அன்றைய ஜெபக் குறிப்பை முடிவு தெரியும் முன், வெள்ளிக்கிழமையே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

21.08, காலை 6.50

எரேமியா 29:7-ஐ யாரும் இன்னும் எடுக்கவில்லையே. "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்." பட்டணம் என்கிறார், தேசம் என்று சொல்லவில்லை. நம் விவாதமெல்லாம் நாடாளுமன்றத்தையே சுற்றுகிறது. வடிகால், குப்பை, நடைபாதை, மாற்றுத்திறனாளிக்குச் சரிவுப் பாதை, இவையெல்லாம் பட்டணத்தின் சமாதானம்.

ஜார்ஜ் டவுனில் 1951-இலும் கோலாலம்பூரில் 1952-இலும் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1965-இல் நிறுத்தினார்கள். நம்மவரான ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம் தேர்தல் தொடர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. ஏற்கவில்லை, 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் கதவைச் சாத்தியது. கோலாலம்பூர்வாசிக்குச் சட்டமன்றமும் கிடையாது, பொதுத் தேர்தலில் ஒரே ஒரு வாக்குச்சீட்டு. மாநகர மேயரை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. வாக்கில்லாத இடத்தில் விண்ணப்பமும் ஆட்சேபக் கடிதமும்தான் கருவி. மாநகர மன்றம் மேம்பாட்டுத் திட்டத்தைக் காட்சிக்கு வைக்கும்போது, ஆட்சேபம் கெடு தேதிக்குள், எழுத்தில், மனை எண்ணோடு போக வேண்டும். வருத்தம் மட்டும் எழுதினால் ஓரமாக வைப்பார்கள். எந்தச் சாலை, எத்தனை மாடி, எந்த வடிகாலில் தண்ணீர் ஏறும் என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டிவரும்.

24.08, ஞாயிறு, இரவு 9.00

கேள்வி கேட்ட சகோதரி, 31-ஆம் தேதி ஒழுங்கு எப்படி இருக்கலாம் என்று தனியாகக் கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் உதவட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

வேத வாசிப்பு ரோமர் 12:9 தொடங்கி 13:10 வரை, நடுவில் நிறுத்தாமல். நிதானமாக வாசித்தால் ஐந்து நிமிடம் ஆகாது. பழைய ஏற்பாட்டு வாசிப்புக்கு 1 சாமுவேல் 8:10-18. ராஜா உங்கள் குமாரரை எடுப்பான், வயலை எடுப்பான், தசமபாகம் எடுப்பான் என்று "எடுப்பான்" அடுக்கிக்கொண்டே போகும் பகுதி. இரண்டையும் ஒரே ஆராதனையில் கேட்டால் வாலிபர்கள் தாங்களே பேச ஆரம்பிப்பார்கள்.

ஜெபம் 1 தீமோத்தேயு 2:1-2-ஐப் பின்பற்றட்டும்: மாமன்னர், பிரதமர், மாநில ஆளுநர், முதலமைச்சர், எதிர்க்கட்சியினர், நீதிபதிகள், பின்பு தொகுதி உறுப்பினர். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுக்கும் ஒரே நீளம். "அவர்களை மனந்திருப்பும்" என்று குத்தலாக ஜெபிக்க வேண்டாம், அது ஜெபத்துக்குள் நுழைந்த பிரச்சாரம்.

24.08, இரவு 9.25

கொடி எங்கே வைப்பது என்பதற்கு: தேசிய கீதமான நெகாராகூ பாடுவதானால் அழைப்பு வசனத்துக்கு முன்னால் பாடிவிடுங்கள். கொடி வாசலருகே, வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் நிற்கட்டும். திருவிருந்து மேசை அப்பத்துக்கும் பாத்திரத்துக்கும் மட்டும் இருக்கட்டும்.